முதல் சுற்று

"தம்பியை வச்சுக்கவும் முடியல, விரட்டவும் முடியல. நான் என்ன செய்ய தாயே?"

கேட்டவர் ஒச்சப்பன். வயது ஐம்பத்தாறு. ஊர் ஊராகத் திருவிழாப் பொட்டல்களில் ராட்டினம் போடுகிறவர்.

தாயே என்று கூப்பிட்டாரே தவிர, அவள் அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். ஆற்றங்கரை மண்டபத்தில் உட்கார்ந்து கோயில் அன்னதானத்துக்கு மந்தாரை இலை தைப்பாள். ஊர் அவளை இலையம்மா என்றது. அவள் அதிகம் பேசமாட்டாள். அதனாலேயே வருகிறவர்கள் நிறையப் பேசினார்கள்.

ஒச்சப்பனும் பேசினார்.

ராட்டினம் அப்பா வைத்துவிட்டுப் போனது. பாகம் பிரிக்க அது நிலமா என்ன? மோட்டார் அண்ணன் பொறுப்பு. தினமும் மதியம் மேலே ஏறி நட்டுகளை முடுக்குவது தம்பி மாயழகின் பொறுப்பு. அப்பா ஒரு சட்டமும் வைத்திருந்தார். முடுக்கியவன்தான் முதல் சுற்றில் உட்கார வேண்டும். அவனை மட்டும் வைத்துச் சுற்றி இறக்கிய பிறகே கூட்டத்தை ஏற்றலாம்.

இரண்டு வருடமாக மாயழகுக்குச் சீட்டாட்டத்தில் புத்தி போய்விட்டது. மேலே ஏறுவான், நாலு நட்டைத் தொடுவான், இறங்கிப் புளியமரத்தடிக்கு ஓடிவிடுவான்.

"ஒரு நாள் சந்தேகப்பட்டு ஏறிப் பாத்தேன். ஒரு நட்டு விரலுக்கே திரும்புது தாயே."

அன்று அவர் தம்பியிடம் எதுவும் கேட்கவில்லை. தானே முடுக்கினார். மறுநாளும் முடுக்கினார். கேட்டால் சண்டை வரும், தம்பி பெண்டாட்டி பிள்ளையோடு கிளம்பிப் போய்விடுவான், சொந்தக்காரர்கள் வாய்க்கு அவல் கிடைத்துவிடும். வாயைத் திறப்பதைவிட ராட்டினத்தில் ஏறுவது அவருக்குச் சுலபமாக இருந்தது.

இப்போது வலது தோளைத் தூக்க முடியவில்லை. தூக்கமும் போய்விட்டது.

"என்னிக்காவது ஒண்ணை விட்டுட்டேன்னா? பச்சைப் பிள்ளைக ஏறுது தாயே. அந்தப் பயத்துலயே செத்துக்கிட்டு இருக்கேன்."

இலையம்மா ஈர்க்கைக் குத்தி ஒடித்தாள்.

"நீ முடுக்குறது அவனுக்குத் தெரியுமா?"

"நான் சொன்னதில்ல. அவனும் கேட்டதில்ல. ஆனா என் கையில கிரீஸைப் பாக்குறான்ல."

"முதல் சுத்துல யாரு?"

"அவன்தான். காலை ஆட்டிக்கிட்டு உக்காந்திருப்பான்."

காற்று அடித்தது. தைத்த இலைகள் இரண்டு பறந்தன.

"இடுப்புல என்ன?"

"ஸ்பேனர். இனிமேதான் போய் ஏறணும்."

"கொடு."

கொடுத்தார். ராட்டின நட்டுகளுக்குப் பொருந்துகிற ஸ்பேனர் அது ஒன்றுதான், அப்பா காலத்தது. அவள் அதை இலைக்கட்டின் மேல் பாரமாக வைத்துவிட்டு அடுத்த இலையை எடுத்தாள்.

ஒச்சப்பன் புத்திமதிக்காகக் காத்திருந்தார். அவள் ஐந்து இலை தைத்து முடித்தாள். பொட்டல் பக்கம் ஒலிபெருக்கி பாட ஆரம்பித்தது. மணி மூன்றரை. நாலு மணிக்கு முதல் சுற்று. இன்று தேர், பள்ளிக்கூடத்துக்கு வேறு விடுமுறை.

"தாயே, ஸ்பேனர்."

"தம்பி முடுக்கிட்டானா?"

"மதியமே முடுக்கிட்டான்."

"அப்புறம் உனக்கு எதுக்கு?"

இன்று ஒரு நாள் மட்டும் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சினார். இரண்டு வருடமாக அவருக்கு எல்லா நாளும் இன்று ஒரு நாள்தான். இலையம்மா ஸ்பேனர் மேல் கையை வைத்துக்கொண்டாள். ஒச்சப்பன் வெறுங்கையோடு ஓடினார்.

பொட்டலில் வரிசை கோயில் சுவர் வரை நின்றது. முன்னால் முழுக்கப் பிள்ளைகள். மாயழகு ஏற்கெனவே ராட்டினத் தொட்டியில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். சட்டைப்பையில் சீட்டுக்கட்டு துருத்திக்கொண்டிருந்தது.

"எங்கண்ணே போன? போடு."

ஒச்சப்பன் சுவிட்சில் கை வைத்தார். இப்போதுகூட மோட்டார் பழுது என்று ஏதாவது சொல்லித் தப்பிக்கலாம். அப்படித்தான் சொல்ல நினைத்தார்.

"நான் இன்னிக்கு மேல ஏறலடா" என்றார்.

ஆடிய கால்கள் நின்றன.

"என்னண்ணே சொல்ற?"

"நீ முடுக்குனது முடுக்குனபடியே இருக்கு. போடவா?"

மாயழகு அண்ணனின் கைகளைப் பார்த்தான். கிரீஸ் இல்லை. பிறகு அண்ணாந்து ராட்டினத்தின் உச்சியைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். தொட்டியின் கம்பியை நீக்கிக் கீழே இறங்கினான்.

"ஸ்பேனர் எங்கண்ணே?"

"இலையம்மாகிட்ட."

ஒச்சப்பன் சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். வரிசையைக் கயிற்றுக்கு அப்பால் தள்ளி நிற்கச் சொன்னார்.

மாயழகு மண்டபத்துக்கு வந்து சேர்ந்தபோது அவனுக்கு மூச்சு வாங்கியது. ஸ்பேனரைக் காட்டி, அது வேண்டும் என்றான்.

இலையம்மா நிமிரவில்லை.

"அண்ணனுக்கா?"

"இல்ல தாயே. எனக்கு."

அவள் கையை எடுத்தாள்.