உளித்தடம் தேயாத கல்வம்

முன்னொரு காலத்தில் மலையடி நாட்டை வல்லபமாறன் என்றொரு ராசா ஆண்டான். எதையும் பெரிதாகக் கட்டிப் பார்க்கிற ஆசை அவனுக்கு. குடிமக்களுக்கு வைத்தியசாலை என்றபோதும் நூறு தூண், செப்புக் கதவு என்றுதான் ஆரம்பித்தான். ஆண்டுக்குப் பத்தாயிரம் பொன் ஒதுக்கி, தாண்டவராயர் என்ற அதிகாரியிடம் விட்டான்.

மூன்றாம் ஆண்டு விஷக்காய்ச்சல் வந்தது. கல்தச்சன் வீரணனின் மனைவி சின்னாத்தாள் படுத்துவிட்டாள். மருந்துக்காக இரண்டு நாள் நடந்துவந்த வீரணனைச் செப்புக் கதவுக் காவலர்கள் மருந்து இல்லை என்று விரட்டினார்கள். அவன் நேரே அரசவைக்குப் போனான்.

"ராசா, உங்கள் வைத்தியசாலையில் மருந்தே இல்லை."

தாண்டவராயர் சிரித்தார். "கல் கொத்துகிறவனுக்கு மருந்தைப் பற்றி என்னடா தெரியும்? நாள் தவறாமல் அரைக்கிறோம், மகாராசா."

"பொய் சொன்னவன் தலை போகும்" என்றான் ராசா.

வீரணன் மனைவியை நினைத்தான். அவன் தலை போனால் சின்னாத்தாளுக்குத் தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லை.

"மருந்து அரைக்கிற கல்வத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதில் சுக்கை அரைத்துத் தேனில் குழைத்து அதிகாரி ஐயா சாப்பிடட்டும். அது போதும்."

"இவ்வளவுதானா!" என்றார் தாண்டவராயர். கல்வம் வந்தது. சேவகன் அரைத்துக் கொடுத்தான். அவர் மென்றார். நறநறவென்ற சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் விழித்தார்.

"என்ன ஐயா, மருந்தில் மண்ணா?" என்றான் ராசா.

"மண்ணில்லை ராசா, கல்" என்றான் வீரணன். "புதுக் கல்வத்தில் முதலில் தவிட்டை அரைத்துக் கொட்ட வேண்டும். இல்லாவிட்டால் துகள் உதிரும். மூன்று வருஷம் முன்பு இதைக் கொத்தியவன் நான். தவிடுகூட இதில் அரைபடவில்லை. தடவிப் பாருங்கள், என் உளித்தடம் அப்படியே இருக்கிறது."

ராசா தடவிப் பார்த்தான். "பொன்னெல்லாம் எங்கே?"

"தூணுக்கு மெருகு, கதவு துலக்கப் புளி, காவலுக்கு நாற்பது பேர், தாங்கள் வரும் நாளுக்குத் தோரணம்" என்று தடுமாறினார் தாண்டவராயர். "எல்லாம் தாங்கள் பார்த்து மகிழ்ந்தவைதானே?"

ராசாவால் தலை நிமிர முடியவில்லை. "உளித்தடம் மறையும்வரை நீர் இதில் மருந்து அரையும்" என்று தீர்ப்புச் சொன்னான். கதவுகளை விற்று மருந்து வாங்க ஆணையிட்டான். தன் கைவளையைக் கழற்றி வீரணனிடம் நீட்டினான்.

"வளை வேண்டாம் ராசா. அரண்மனையில் இருக்கிற மருந்தை வண்டியில் ஏற்றுங்கள். இப்போதே."

மாடுகள் நுரை தள்ள ஓடின. ஆனாலும் சின்னாத்தாளை முந்தின நாளே புதைத்திருந்தார்கள். வீரணன் கொஞ்ச நேரம் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு மருந்தை எடுத்துக்கொண்டு, பிள்ளை காய்ச்சலில் கிடந்த பக்கத்து வீட்டுக்குப் போய் அடுப்பை மூட்டினான்.

"அண்ணே, நான் காய்ச்சிக்கிறேன். நீங்க போய் அழுங்க" என்றாள் அந்த வீட்டுக்காரி.

"அப்புறம் அழறேன். பிள்ளை வாயைத் திறந்து பிடி தாயி."