உடையாத கரைக்குக் கூலி

முன்னொரு காலத்தில், பருவம் தப்பாமல் மழை பெய்ததால் மழையைப் பற்றி யாருமே பேசாத ஒரு நாட்டில், மனைவியை இழந்த ஒரு ராஜா இருந்தார். அவருடைய சபையில் விகடம் சொல்ல உலகம்மை என்றொரு பெண் இருந்தாள். நாற்பது வயது. கோட்டையின் கிழக்கு வாசலை ஒட்டிய ஓட்டு வீட்டில் தனியாக வாழ்ந்தாள்.

தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும் அவள் அரண்மனைக்குப் போவாள். குளத்தைப் பார்த்த மண்டபத்தில் ராஜா உட்கார்ந்திருப்பார். அவள் இரண்டு படி கீழே உட்காருவாள். சில நாள் ஏதாவது சொல்வாள், அவர் சிரிப்பார். பல நாள் ஒன்றும் சொல்லமாட்டாள். வெயில் சாய்ந்ததும் எழுந்து போய்விடுவாள். இதற்கு மாதம் ஆறு கலம் நெல்.

பொக்கிஷ அதிகாரி அனந்தப்பருக்கு இதைப் பார்த்து நெஞ்சு எரிந்தது. இருபது வருஷமாகக் கணக்கு எழுதிக் கொடுக்கும் அவரை ராஜா ஒருநாள்கூட உட்காரச் சொன்னதில்லை.

ஒருநாள் சபையில் அவர் மெல்ல ஆரம்பித்தார்.

"மகாராஜா, போன மாதம் எத்தனை முறை சிரித்தீர்கள்?"

ராஜா யோசித்தார். "நான்கு முறை இருக்கும்."

"நான்கு சிரிப்புக்கு ஆறு கலம்! ஏரி மடைக்காரன் சாத்தப்பன் கதையும் இதேதான். பதினொரு வருஷமாகக் கரை உடையவில்லை. உடையாத கரைக்கு மாதாமாதம் நெல் அளக்கிறோம். பழுது வந்தால் கூப்பிடுவோம், சரி செய்தால் கூலி கொடுப்போம். வராத பழுதுக்கு எதற்குக் கூலி?"

தனிமையில் இருப்பவருக்கு எந்தப் புது யோசனையும் கொஞ்ச நேரம் துணையாகத் தெரியும். ராஜாவுக்கும் அப்படித்தான் தெரிந்தது. "உலகம்மை, நீ என்ன சொல்கிறாய்?"

"அப்படியே ஆகட்டும் மகாராஜா. எனக்குத் துக்கம் வந்தால் நானே சரி செய்துகொள்கிறேன், கூலி இல்லாமல்."

ராஜா சிரித்தார்.

"இந்தச் சிரிப்புக்குக் கூலி உண்டா ஐயா?" என்று அனந்தப்பரிடம் கேட்டாள்.

"உத்தரவு நாளையிலிருந்துதான்" என்றார் அவர்.

மறுநாள் முதல் அவள் மண்டபத்துக்குப் போகவில்லை. ராஜாவுக்கு மனம் சரியில்லை என்றால் காவலன் வந்து கூப்பிடுவான். அவள் போய்ச் சிரிக்கவைத்தால் மூன்று மரக்கால் நெல், அதாவது கால் கலம். அதுதான் புது ஏற்பாடு.

மதிய நேரம் இவ்வளவு நீளமானது என்று அவளுக்கு அதுவரை தெரியாது. வீட்டைப் பெருக்கினாள். பெருக்கிய வீட்டை மறுபடி பெருக்கினாள். மூன்றாம் நாள் வாசலில் சாத்தப்பன் போனான்.

"எங்கப்பா, ஏரிக்கா?"

"ஏரிக்கு எதுக்குத் தாயி? கரை மேல நடந்தா கூலி இல்லியாம். ஒடஞ்சாத்தான் கூலியாம். வீட்டுல அஞ்சு வாயி இருக்கே, தேங்கா உரிக்கப் போறேன்." அவன் நின்று குரலைத் தாழ்த்தினான். "மானத்துல மேகம் கறுத்தா, ஒடஞ்சா நல்லாருக்குமேன்னு ஒரு நெனப்பு வருது தாயி. சொல்லவே வாய் கூசுது."

அன்று காலையிலிருந்து அவளும் காவலனின் காலடிக்குக் காது கொடுத்திருந்தாள். அந்தக் காலடி வரவேண்டும் என்றால் அங்கே ஒருவர் மனம் நொந்து உட்கார்ந்திருக்க வேண்டும். தெரிந்தும் காது அந்தப் பக்கமே போயிற்று.

ஐந்தாம் நாள் காவலன் வந்தான். ராஜா உணவைத் தொடாமல் இருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"சாப்பிடுங்கள் மகாராஜா. இன்று சமையலில் உப்பு போடவில்லையாம்."

"ஏன்?"

"நீங்கள் எப்படியும் அழுதுகொண்டேதான் சாப்பிடுவீர்கள், தனியாக உப்பு எதற்கு என்று அனந்தப்பர் நிறுத்திவிட்டார்."

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். உலகம்மை உடனே எழுந்துகொண்டாள்.

"எங்கே கிளம்பிவிட்டாய்?"

"பழுது சரியாகிவிட்டதே மகாராஜா."

"கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போயேன்."

"சும்மா இருப்பதற்கு உத்தரவில் இடமில்லையே."

உத்தரவை எழுத்துக்கு எழுத்து நடத்திக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்துதான் அவள் வந்திருந்தாள். ஆனாலும் வாசல்வரை திரும்பிப் பார்க்காமல் நடப்பது அவளுக்குச் சுலபமாக இல்லை. பார்த்திருந்தால் உட்கார்ந்திருப்பாள்.

மறுநாளும் காவலன் வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். சில நாள் இரண்டு முறை வந்தான். ஒவ்வொரு முறையும் ராஜா சிரித்த மறுகணமே அவள் எழுந்து போனாள். சிரிப்பை அடக்கிப் பார்த்தார் ராஜா. அவள் விடவில்லை. மாத முடிவில் அனந்தப்பர் கூட்டிப் பார்த்தார். இருபத்தேழு முறை. ஆறு கலம் ஒன்பது மரக்கால்.

"மகாராஜா, இவள் அரைகுறையாகச் சரி செய்கிறாள்!" என்று சபையில் குரலை உயர்த்தினார். "முழுக்கத் துடைத்துவிட்டால் நாளைக்குக் கூலி இல்லையே! அதனால் மிச்சம் வைத்துவிட்டுப் போகிறாள்."

"மாதக்கூலி இருந்தபோது இந்தச் சந்தேகம் உங்களுக்கு வரவில்லையே ஐயா" என்றாள் உலகம்மை.

"அப்போது வராத துக்கத்துக்கல்லவா நெல் வாங்கினாய்! அது நிஜமென்றால், வராத பழுது எப்படி இருக்கும் என்று நாளை மதியம் சபைக்குக் கொண்டுவந்து காட்டு. முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போ. மகாராஜா உத்தரவிட வேண்டும்."

எல்லோரும் ராஜாவைப் பார்த்தார்கள். எதற்காக இருபத்தேழு முறை ஆள் அனுப்பினார் என்பது அவருக்குத் தெரியும். அதைச் சபையில் சொல்வதைவிட உத்தரவிடுவது சுலபமாக இருந்தது. "அப்படியே ஆகட்டும்" என்றார், தரையைப் பார்த்தபடி.

மறுநாள் விடிந்ததும் உலகம்மை சாத்தப்பனை அழைத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனாள். ஏரி நிறைந்து கிடந்தது. சாத்தப்பன் சரிவில் குனிந்து ஓர் ஓட்டைக்குள் கையை விட்டான். முழங்கைவரை போயிற்று.

"நண்டு வளை தாயி. முன்னல்லாம் தெனம் காலைல களிமண் கூடையோட கரைய ஒரு சுத்து வருவேன். நண்டப் புடிச்சிட்டு, வளைக்கு ஒரு உருண்டை வச்சு அடைப்பேன். ஒரு மாசமா யாரும் நடக்கல. அந்தப் பக்கம் பாருங்க."

கரையின் வெளிப்பக்கத்தில் மண் ஈரமாகக் கசிந்திருந்தது.

"எத்தன நாளு தாங்கும்?"

"ஒரு பெரிய மழ தாயி. அவ்வளவுதான்."

"மொதல்ல அத அடை. அப்புறம் ஒரு கூடை நண்டு புடிச்சுக் குடு."

மதியம் சபை கூடியது. சாத்தப்பன் சுமந்து வந்த கூடையை உலகம்மை சபை நடுவில் கவிழ்த்தாள். நண்டுகள் நாலாபக்கமும் ஓடின. மந்திரிகள் ஆசனத்தின் மேல் ஏறினார்கள்.

"மகாராஜா, பதினொரு வருஷமாக ஏரியில் வராத உடைப்பு இதுதான். கேட்டபடி கொண்டுவந்திருக்கிறேன்."

"இது நண்டு!" என்று கத்தினார் அனந்தப்பர்.

"இப்போது நண்டுதான் ஐயா. ஒரு மாதம் கவனிக்காமல் விட்டால் உடைப்பு. கரை இன்று கசிகிறது. போய்ப் பார்க்கலாம்."

சாத்தப்பன் வளைகளைப் பற்றிச் சொன்னான். ராஜாவின் முகம் மாறியது.

அனந்தப்பர் விடவில்லை. "கரை சரி. மகாராஜாவுக்கு வராத துக்கம் எங்கே?"

"அது என் கூடையில் இல்லை ஐயா. மகாராஜாதான் சொல்ல வேண்டும்." அவள் ராஜாவைப் பார்த்தாள். "இருபத்தேழு முறை ஆள் அனுப்பினீர்கள். எத்தனை முறை உண்மையான துக்கம்?"

ராஜா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "ஆறு."

"மற்றவை?"

"நீ வரவேண்டும் என்பதற்காக. முதலில் பொய்யாகத்தான் முகத்தைத் தொங்கப்போட்டேன். பிறகு அது பொய்யாகவும் இல்லை."

"நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன் மகாராஜா. காவலன் வராத நாளில், இன்று ராஜாவுக்கு மனம் சரியில்லாமல் போகாதா என்று நினைத்தேன். மாதக்கூலி வாங்கிய காலத்தில் நீங்கள் நன்றாக இருந்தால் எனக்கும் நிம்மதியாக இருக்கும்."

அப்போது ஒரு நண்டு அனந்தப்பரின் வேட்டி நுனியைக் கவ்விக்கொண்டு மேலே ஏறியது.

"ஐயோ! யாராவது இதை எடுங்கள்! உலகம்மை, எடு!"

"கடித்த பிறகு கூப்பிடுங்கள் ஐயா. வராத கடிக்கு எனக்குக் கூலி கிடையாதே."

ராஜா சிரிக்க ஆரம்பித்தார். அரியணையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். சாத்தப்பன்தான் போய் இரண்டு விரலால் நண்டைப் பிடித்து எடுத்தான். அவனுக்கு மாத நெல் இரட்டிப்பாயிற்று, களிமண் சுமக்க இரண்டு ஆட்களும் கிடைத்தார்கள். உலகம்மைக்குத் தம் கைக் காப்பைக் கழற்றிக் கொடுத்து, பழையபடி மாதக்கூலி என்று ராஜா அறிவித்தார்.

சபை கலைந்தது. குளத்து மண்டபத்துக்கு இருவரும் வந்தபோது வெயில் இன்னும் சாயவில்லை.

"நான்தான் சிரித்துவிட்டேனே" என்றார் ராஜா, அவள் முகத்தைப் பார்க்காமல். "கிளம்பவில்லையா?"

உலகம்மை இரண்டு படி கீழே உட்கார்ந்தாள். அதன்பிறகு அன்று இருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை.