கண் கலங்க வைத்த கதவு

மிட்டாதார் நல்லதம்பி புதுவீடு கட்டியதில் காசெல்லாம் கரைந்து, இன்னும் ஒரே ஒரு வேலைக்குத்தான் மிச்சமிருந்தது.

"அடுக்களைக்குப் புகைபோக்கி வெச்சிருங்க சாமி. பழைய வீட்டுப் புகையிலயே எம் பார்வை பாதி போச்சுங்க" என்றாள் சமையல்காரி பொன்னாத்தா.

"அடுப்படிய எவன் பாக்கப் போறான்? வாசலுக்குப் பித்தளைக் குமிழ் வெச்ச கதவு போடறேன். பால் காய்ச்சற அன்னிக்கு அதப் பாத்துப் பொறாமையில ஊரே கண் கலங்கி நிக்கோணும்."

"கதவு போட்டீங்கன்னா கட்டாயம் கலங்குமுங்க."

பால் காய்ச்சும் நாளில் வீடெங்கும் புகை. விருந்தாளிகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு புதுக் கதவைத் தாண்டி வெளியே ஓடினார்கள். மிட்டாதாரும் இருமிக்கொண்டே, "என்னடி இது?" என்றார்.

"கதவுதானுங்க. நீங்க சொன்னாப்பலயே ஊரே கண் கலங்கி நிக்குது."

மறுநாள் பித்தளைக் குமிழெல்லாம் கழன்று கடைக்குப் போயின. கொத்தனார் அடுக்களைக் கூரைமேல் ஏறினார்.