சுடலி மேடை ஏறாத கூத்து

முத்தாரந்துறை என்றொரு கடற்கரை ஊர். மாசித் திருவிழாவில் அங்கே கூத்து நடந்தால் ஊர்க்காரர்கள் பாய் விரித்து உட்கார்வார்கள். உப்பளத்தில் வேலை செய்பவர்கள் கயிற்றுக்கு அப்பால் நின்று பார்ப்பார்கள். யார் வைத்த வழக்கமோ, கேட்டவர் யாருமில்லை.

ஓர் ஐப்பசியில், கடலுக்குப் போன படகுகள் புயலில் சிக்கிக்கொண்டன. அந்தி மயங்கி, கரை எந்தப் பக்கம் என்றே தெரியாமல் போயிற்று. மழை சற்று ஓய்ந்ததும் உப்பளத்து மாடத்தி தன் குடிசைக் கூரையின் நனையாத உள்ளோலைகளை உருவி, மணல் மேட்டில் போட்டுத் தீ மூட்டினாள். அவளைப் பார்த்து அக்கம்பக்கத்துக் குடிசைகளும் கூரை இழந்தன. அந்த வெளிச்சத்தைக் குறிவைத்து எல்லாப் படகுகளும் கரை சேர்ந்தன. ஊர்த்தலைவர் வேலாயுதத்தின் மகன்களும் அவற்றில் இருந்தார்கள். ஈர மணலில் நின்றபடியே அவர் கும்பிட்டுச் சொன்னார்:

“அம்மன்மேல ஆணை. இந்த வருசக் கூத்துல ஒருத்தர்கூட விடுபடக் கூடாது.”

மாசி வந்தது. கூத்து வாத்தியார் தணிகாசலம் வாக்கை மதிக்கிறவர். ஊரில் ஒருவர் மிச்சமில்லாமல் வேடம் பிரித்துக் கொடுத்தார். உப்பளத்துக்காரர்களுக்குக் கிடைத்தது பனைமர வேடம். தலையில் ஓலை கட்டிக்கொண்டு, ராஜாவுக்குப் பின்னால் அசையாமல் நிற்க வேண்டும். பேச்சும் இல்லை, பாட்டும் இல்லை.

மாடத்திக்கு நெஞ்சு எரிந்தது. நேராக அவரிடம் போனாள்.

“வாத்தியாரையா, இத்தனை வருசம் கயித்துக்குப் பின்னால நின்னோம். இப்போ ராஜாவுக்குப் பின்னால நிக்கணுமாக்கும்?”

“பழக்கமில்லாதவங்களுக்கு வேற என்னத்தைக் கொடுக்க, தாயி?”

“நீங்க கொடுக்க வேண்டாம். யாருக்கு எதுல ஆசைன்னு கேளுங்க. பழகிக்கிடுதோம்.”

விஷயம் தலைவர் காதுக்குப் போக, அவர் அவள் சொன்னதை ஏற்றார். வாத்தியாரும் முணுமுணுத்துக்கொண்டே பழக்கினார். ஆனால் பழக்கத் தொடங்கியபின் அவருக்கு முணுமுணுக்க நேரமிருக்கவில்லை.

திருவிழா அன்று தலைவரே கயிற்றை அவிழ்த்தார். மாடத்தி கடலரசியாக வந்து இறங்கினாள். உப்பு வாரும் பெண்கள் தங்கள் பாட்டையே அலையாக எழுப்ப, அவள் ஆடிய ஆட்டத்தில் மேடைப் பலகை அதிர்ந்தது. தங்கள் முறை முடிந்து வேடத்தோடு பாயில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தார்கள். தாளம் போட்டுக்கொண்டிருந்த வாத்தியார் தாளத்தை மறந்து “பலே!” என்று கத்திவிட்டார்.

மங்களம் பாட வேண்டிய நேரத்தில்தான் அவர் கவனித்தார். மாடத்தியின் தங்கை சுடலி வேடமே கட்டாமல் முன்வரிசைப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஏம்மா, நீ ஏறலையா?”

“அக்கா கேட்டா. நான்தான் வேண்டாம்னேன். பொறந்ததுல இருந்து கூத்தை உக்காந்து பார்த்ததில்லை. இன்னைக்கு நல்லா பார்த்தேன்.”

தணிகாசலம் பதறிப்போனார். “தலைவரே, ஆணை தவறிப்போச்சு! நான் பிரிச்சபடி நடந்திருந்தா எல்லாரும் மேடை ஏறியிருப்பாங்க. மாடத்தி பேச்சைக் கேட்டோம், அவ தங்கச்சியே விடுபட்டுட்டா.”

“என் தங்கச்சி விடுபடலை!” என்றாள் மாடத்தி, மூச்சு வாங்க.

தலைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கூடியிருந்தவர்களே, நீங்கள் சொல்லுங்கள்: அம்மன்மேல் இட்ட ஆணையைக் காத்தது யார் வழி? வாத்தியார் வழியா, மாடத்தி வழியா?

விடை: மாடத்தி வழிதான். வாய் திறக்காத பனைமரமாக நிறுத்தியிருந்தால், அவர்கள் மேடையில் நின்றும் கூத்திலிருந்து விடுபட்டவர்களே. அவர்கள் விருப்பத்தை யாரும் கேட்டிருக்கவில்லை. சுடலியையோ கேட்டார்கள். மேடையும் அவளுக்குத் திறந்திருந்தது, பாயும் விரிந்திருந்தது. அவள் பாயை எடுத்துக்கொண்டாள். தலைவர் இதையே தீர்ப்பாகச் சொல்ல, தணிகாசலம் சற்று யோசித்து, சிரித்து, கணீரென்று மங்களம் பாடினார். மறு மாசியில் அவர் வாசலுக்கு முதல் ஆளாக வந்தவள் சுடலி. “ராஜா வேசம் எனக்கு!” என்றவள், அவர் பதில் சொல்லுமுன் கிரீடத்தை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.