அப்புச்சிக்குப் பதிலாக உட்கார்ந்தவர்கள்

இந்தச் சங்கதியைப் பல வருஷமாக நான் முழுசாக நம்பியதில்லை. ஆனால் சொன்னவன் சென்னியப்பன். பொய் சொல்லக் கொஞ்சமாவது மூளை வேண்டும். அது அவனிடம் கிடையாது. ஆகையால் கோளாறு என் பக்கம்தானோ என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

கோயம்புத்தூரில் ஒரே வீட்டில் அண்ணன் தம்பிகள் மூன்று பேர். மூத்தவன் சென்னியப்பன், நடுவில் நாச்சிமுத்து, கடைக்குட்டி கிட்டுசாமி. அம்மா போனபிறகு அந்த வீட்டில் திட்டுவதற்கு ஆளில்லை. யாராவது திட்டினால்தான் சென்னியப்பனுக்குப் படுக்கையை விட்டு எழவே தோன்றும். அதனால், அம்மாவைப் பெற்ற அப்புச்சி காங்கயத்திலிருந்து போன் செய்தபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பக்கத்துத் தோட்டத்துக்காரன் இத்தாலிக்கு மகன் ஊட்டுக்குப் போயிட்டு வந்து, அந்தச் சாப்பாட்டுப் பெருமையே பேசறான். எனக்கும் அதை ஒருக்கா திங்கோணும். சனிக்கெழமை வர்றேன். ஆனா இடுப்பு நோவாம உக்காரோணும், கூட்டம் ஆகாது. எழுபத்தெட்டு வயசுக்காரன் உக்காந்தா எப்புடி இருக்கும்னு முன்னாடியே போயி உக்காந்து பாருங்க. நல்ல எடம் கெடச்சா நான் வர்ற வரைக்கும் விட்டுறாதீங்க. எல்லாம் தோதா இருந்துச்சுன்னா உங்களோடவே இருந்துக்கறேன். இல்லீன்னா திருப்பூருக்கு உங்க மாமன் ஊட்டுக்குப் போயிருவேன்."

சனிக்கிழமை மூன்று பேரும் கிளம்பினார்கள். முதலில் பார்த்த இத்தாலிய ஓட்டலில் ஈ காக்கை இல்லை. சந்தோஷமாக உள்ளே போனார்கள். கிட்டுசாமி சுற்றிலும் பார்த்தான்.

"அண்ணா, கூட்டம் சேந்துபோச்சு."

"எங்கடா?"

"நாம மூணு பேரு இருக்கமல்ல?"

உண்மைதான். வெளியே வந்தார்கள், உள்ளே உடனே காலியாகிவிட்டது. மறுபடி போனார்கள், மறுபடியும் கூட்டம். கதவைத் திறந்துவிட்டு சலாம் போட்ட காவலாளிக்குக் கை வலித்துவிட்டது.

நடைபாதையில் ஆலோசனை நடந்தது.

"கூட்டம் கெடக்கட்டும். எழுபத்தெட்டு வயசுக்காரனுக்கு எங்க போறது?" என்றான் நாச்சிமுத்து.

சென்னியப்பன் வெகுநேரம் யோசித்தான். "எனக்கு இருபத்தெட்டு, உனக்கு இருபத்தாறு, இவனுக்கு இருபத்திநாலு. கூட்டிப் பாரு."

நாச்சிமுத்து தன் விரல் போதாமல் காவலாளியின் விரல்களையும் சேர்த்துக்கொண்டு கூட்டினான். எழுபத்தெட்டேதான்!

"அப்ப நாம மூணு பேரே இல்லீடா. சேந்தா ஒரே அப்புச்சி."

"அப்பக் கூட்டமும் இல்லீங்ண்ணா!" என்றான் கிட்டுசாமி.

மறுபடி உள்ளே போனார்கள். ஒரே ஆள் என்றானபிறகு ஒரே நாற்காலிதானே? அடியில் சென்னியப்பன், அவன் மடியில் நாச்சிமுத்து, அதற்கு மேல் கிட்டுசாமி.

"எப்புடீங்ண்ணா இருக்குது?"

"இடுப்பு உட்டுப்போச்சு. அப்புச்சிக்கு இது ஆகாதுடா," என்றது அடியிலிருந்து ஒரு குரல். நாற்காலியும் அதை ஆமோதித்து நான்கு காலையும் விரித்தது. முதலாளியே அவர்களைக் கையைப் பிடித்து வாசல்வரை கொண்டுவந்து விட்டார். மரியாதை தெரிந்த மனுஷன் என்று சென்னியப்பன் இன்றைக்கும் சொல்கிறான்.

அடுத்த தெரு ஓட்டலில் சோபா இருந்தது. மூவரும் ஒட்டி உட்கார்ந்தார்கள். மெத்தென்று, வெகு சுகம். ஒரே ஆள் என்பதால் ஒரே பீட்சா வாங்கினார்கள். அப்புச்சிக்குப் பல் இல்லையே என்று கிட்டுசாமி ஒரு துண்டை மெல்லாமல் விழுங்கிப் பார்த்தான். நாச்சிமுத்து முதுகில் ஓங்கிக் குத்தியபிறகு, "எறங்குதுங்ண்ணா," என்றான்.

அப்போது சென்னியப்பனுக்குப் போன் வந்தது. அப்புச்சி சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் நின்றார்.

"கூட்டிப்போக வாங்கடா."

"முடியாதுங்க அப்புச்சி. எடத்தை விடக்கூடாதுன்னீங்களே, விடாம உக்காந்திருக்கறோம்."

"மூணு பேர்ல ஒருத்தன் வாடா!"

"கிட்டு எந்திரிச்சான்னா அம்பத்திநாலு வயசாயிருமுங்க. அந்த வயசுக்கு எடம் புடிச்சு உங்களுக்கு எதுக்குங்க?"

அப்புச்சி ஓட்டல் பேரைக் கேட்டுக்கொண்டு, ஆட்டோ பிடித்து, வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். கையில் பெட்டி. "நகருங்கடா, நானும் உக்காரோணும்."

நகர்ந்தார்கள். அவர் குனியப்போன நேரம், சென்னியப்பன் பாய்ந்து தடுத்தான்.

"உக்காராதீங்க அப்புச்சி! நாலு பேரும் சேந்தா நூத்தம்பத்தாறு வயசு! அந்த வயசுல ஆரும் உசுரோட இருக்கறதில்லீங்க!"

அப்புச்சி மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "திருப்பூர் பஸ்ஸு எங்கடா நிக்கும்?"

இனித் திட்ட ஆளில்லை என்று சென்னியப்பனுக்குப் பட்டது. எல்லாம் போயிற்று.

அப்புச்சி பெட்டியைத் தூக்கினார். இரண்டு எட்டு வைத்தார். திரும்பினார். "ஏண்டா, நான் போயிட்டா மூணு பேரும் ஒரே சட்டைக்குள்ள பூந்துக்குவீங்களாடா? கூறுகெட்ட நாய்களா! உங்களை உட்டுப்போட்டு நான் எப்புடிடா நிம்மதியாத் தூங்கறது? இந்தா, பொட்டியப் புடிங்கடா. ஊட்டுக்கு நடங்க!"

மீதி பீட்சாவை நின்றுகொண்டே தின்றுவிட்டு, அவர் வீடுவரை திட்டிக்கொண்டே வந்தார். சென்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டே பின்னால் நடந்தான். அவ்வளவு நல்ல திட்டைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

அதன்பிறகு அப்புச்சி அந்த வீட்டிலேயே இருந்துவிட்டார். இதுவரை எல்லாம் எனக்குச் சம்மதம்தான். ஒரே ஓர் இடத்தில்தான் மனசு இடித்துக்கொண்டே இருந்தது. போன மாசம் சென்னியப்பனைப் பார்த்தபோது கேட்டேவிட்டேன்:

"ஏம்ப்பா, ஒரு வருசம் போனா அப்புச்சிக்கு ஒரு வயசுதான் கூடும். உங்க மூணு பேருக்கும் சேத்து மூணு வயசு கூடிப்போகுமே. அப்ப அதுக்கடுத்த பொங்கலுக்கு நீங்கதான மூத்தவரு? ஆரு கால்ல ஆரு உளுந்தீங்க?"