தெக்லாம்மா திறந்த அறை

ஒரு ஊர்ல, கடல் வாசப்படி வரைக்கும் வந்து எட்டிப் பாக்கிற ஊர்ல, தெக்லாம்மான்னு ஒருத்தி இருந்தா. அங்க அவ வீடு மட்டுந்தான் கல்லு வீடு. புருஷன் இல்ல. ஒரே ஒரு பொண்ணு, அமலி. அந்தப் புள்ளைக்கு, மாதா கோயில்ல மொத மொதல்ல நற்கருணை வாங்குற புதுநன்மைக்குன்னு வெள்ளைக் கவுன் எல்லாம் தச்சு வச்சிருந்தா. அதுக்குள்ள காய்ச்சல் வந்து, புள்ள போயிட்டுது.

ம் சொல்றியா? ம்.

அப்புறம் தெக்லாம்மா அமலியோட அறையை டக்குன்னு பூட்டிட்டா. அவ மட்டும் உள்ள போவா. கட்டிலைத் துடைப்பா, போர்வையை உதறுவா, கவுனை நீவி நீவி மடிப்பா. கோயில் மணி டாண் டாண்னு அடிச்சா ஜன்னலைச் சாத்திடுவா. "எம் புள்ளையை எடுத்துக்கிட்டவரு வீட்டுல எனக்கென்ன வேலை"ம்பா. யாராச்சும் தெக்லாம்மான்னு பேரு சொல்லிக் கூப்பிட்டா, "அவ செத்துட்டா, நான் இந்த அறைக்குக் காவக்காரி"ம்பா.

அப்போ ஒரு ஐப்பசியில புயல் வந்துச்சு. உய்ய்ய்னு காத்து! கூரையெல்லாம் சடசடன்னு பிச்சுக்கிட்டுப் போக, குடிசைச் சனமெல்லாம் கல்லு வீட்டுக்கு ஓடி வந்துச்சு. கூடத்துல உக்காரச் சொன்னா. அறையை மட்டும் திறக்கல.

விடியக்காலையில ஒரு கிழவர், பல்லு கடகடன்னு அடிக்க, "மவளே, போத்திக்க ஏதாச்சும் இருக்கா?"ன்னாரு. தெக்லாம்மா அறைக்குள்ள போயி அமலியோட போர்வையைக் கொண்டாந்து குடுத்தா.

அப்போ இன்னொருத்தி, நிறைமாசக்காரி, இடுப்பைப் புடிச்சுக்கிட்டு ஈரத் தரையில முனகினா. "எம் புள்ள படுத்த கட்டிலு"ன்னு தெக்லாம்மா வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டா. ஆனாலும் அறையைத் திறந்து அவளைப் படுக்க வச்சா. உள்ளேருந்து குவா குவான்னு சத்தம் வந்துச்சு.

தூங்கிட்டியா? இல்ல? சரி.

அப்புறம் மழை விட்டதும் இஞ்ஞாசியம்மான்னு ஒரு மீன்காரி வந்தா. வாசல்லயே நின்னா. "அக்கா, எம் மவ ரீத்தாவைக் கடல் அடிச்சுப் போட்டுருச்சு. கரையில கெடைச்சா. அடக்கம் பண்ணணும். போட்டு அனுப்ப ஒரு நல்ல துணி இல்ல."

தெக்லாம்மா உள்ள போனா. கவுனை மூஞ்சியில வச்சு அழுத்திக்கிட்டா. அமலி வாசம் அதுல எப்பவோ போயிருந்துச்சு. வெறும் பாச்சை உருண்டை வாசம்.

"வா, நானே போட்டு விடுறேன்"னா.

ரீத்தா தலையில இருந்த மணலை அவளே கழுவினா, சிக்கெடுத்தா, கவுனைப் போட்டுவிட்டுப் பொத்தானை மாட்டினா. அப்பத்தான் ஓன்னு கத்தினா. அமலி செத்தப்போகூட அவ அப்படி அழல. ரெண்டு தாயும் கட்டிக்கிட்டு அழுதாங்க.

அடக்கம் முடிஞ்சுது. சாமியார் பூசைக்குப் போனாரு. தெக்லாம்மா கோயில் வாசல்ல நின்னுட்டா. இஞ்ஞாசியம்மா கையை நீட்டி, "வாங்கக்கா, எனக்குத் தனியா போக முடியல"ன்னா.

தெக்லாம்மா உள்ள போயி முட்டி போட்டா. "சேசுவே, எங்கிட்ட அமலியோடது ஒண்ணும் இல்ல. வெறும் ஆளா வந்திருக்கேன். நான் யாருன்னு எனக்கே தெரியல. உம்ம புள்ளன்னு சொல்லிக்கலாமா?"

சாமியார் நற்கருணை அப்பத்தோட முன்னாடி வந்து நின்னாரு. தெக்லாம்மா வாயைத் திறந்து, "ஆமென்"னா. சத்தமே வரல. உதடு மட்டும் அசைஞ்சுது.

அமலி திரும்பி வந்தாளான்னா கேக்குற? இல்ல செல்லம், வரல. தெக்லாம்மா அழுகையும் நிக்கல. இஞ்ஞாசியம்மாவுக்குப் பக்கத்துல உக்காந்து அழுதா, அம்புட்டுத்தான்.

கதை கரை சேந்துடுச்சு. சிலுவை போட்டுக்கிட்டு நீயும் கண்ணை மூடு.