இல்லாத முந்தானை

"பசங்க சிரிக்காங்க மேடம்," என்றான் சீடன்.

குரு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எதுக்கு?"

"தெரியல. முக்கியமான இடம் வரும்போதெல்லாம் சிரிக்காங்க."

"அப்பம் முக்கியமான இடம் எதுன்னாவது அவங்களுக்குத் தெரியுதே. போ."

சீடன் போகவில்லை.

குரு என்பது பேராசிரியை புஷ்பலீலா. வேதியியல். சொந்த ஊர் நாகர்கோவில். சீடன் என்பது ஆவுடையப்பன். அம்பாசமுத்திரத்துப் பையன். அவரிடம் பி.எச்.டி. செய்கிறான். ஆராய்ச்சி முடியப்போகிறது, இனி வாத்தியாராகப் பழகு என்று சொல்லி முதலாண்டு வகுப்பு ஒன்றை அவன் தலையில் கட்டியிருந்தார்கள்.

"துறைத்தலைவர் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு மேடம். வெள்ளிக்கிழமை வந்து உக்காந்து பாப்பாராம். பசங்க சிரிச்சா வகுப்பை வேற ஆளுக்கு மாத்திருவாராம்."

"மாத்தட்டும்."

"வகுப்பெடுத்த அனுபவம் இல்லன்னா எந்தக் காலேஜ்ல மேடம் என்னைய வேலைக்கு எடுப்பாங்க? எங்கப்பா இப்பமே போன் போட்டு, 'எப்பம்டே படிச்சு முடிப்ப, உன் கூடப் படிச்சவன் மவன் ஸ்கூலுக்குப் போறான்'ங்காரு."

இதற்குக் குரு நிமிர்ந்தார்.

"பயிற்சிக்கு அனுப்பினாங்கல்லா, போனியா?"

போயிருந்தான். ஆய்வு மாணவர்களைச் சிறந்த கல்லூரி ஆசிரியர்களாக உருவாக்கும் சிறப்புப் பயிற்சி முகாம். பேனரிலேயே பாதிச் சுவர் போய்விட்டது. வெளியூரிலிருந்து ஒரு வல்லுநர் வந்திருந்தார்.

"என்ன சொன்னாரு?"

"ஆசிரியர் குறைவாப் பேசணும், மாணவர்கள் நிறையப் பேசணும்னு சொன்னாரு."

"நல்லதுதானே."

"காலையில இருந்து சாப்பாட்டு நேரம் வரைக்கும் சொன்னாரு மேடம்."

"நீ ஏதாவது கேட்டியா?"

"கேள்விகளைக் கடைசியில எடுத்துக்கலாம்னாரு. கடைசியில பிரியாணி வந்துட்டு."

குரு பேனாவை மூடினார்.

"பசங்ககிட்டயே கேளு, ஏன் சிரிக்கீங்கன்னு."

"கேட்டேன். 'ஒண்ணுமில்ல சார்'னாங்க. அதைச் சொல்லும்போதும் சிரிச்சாங்க."

குரு ஒரு பெருமூச்சு விட்டார். மேலே இருந்த விடைத்தாள் பறந்துபோய்க் கீழே விழுந்தது.

"நாளைக்கு நான் வந்து பாக்கேன்."

 

குரு முதலாண்டுக்குப் போவதில்லை. அவருடைய வகுப்புகள் பின்கட்டடத்தில், எம்.எஸ்சி.க்கு மட்டும். அதனால் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

பக்கத்தில் இருந்த மாணவி நகர்ந்து இடம் விட்டாள். பெயர் முப்பிடாதி.

"இன்ஸ்பெக்‌ஷனா மேடம்?"

"இல்ல. சும்மா கேக்க வந்தேன்."

"கெமிஸ்ட்ரியை சும்மாவா?"

முப்பிடாதி அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

சீடன் உள்ளே வந்தான். தொண்டையைச் செருமினான். அந்தத் தொண்டையிலிருந்து வரவேண்டிய செருமல் அது இல்லை. சன்னமான, மரியாதையான, கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு ஓர் அம்மா செருமுகிற செருமல்.

"மக்களே," என்றான்.

அடர்ந்த மீசைக்குக் கீழேயிருந்து, அத்தனை பேரையும் தானே பெற்றெடுத்தவன் மாதிரி.

குரு நெளிந்தார்.

சீடன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினான். அவன் கண்ணாடி போடுகிறவன் இல்லை. மூக்கிலிருந்து ஒன்றுமில்லாததை எடுத்தான். அதை மடக்கினான். மேஜைமேல் பத்திரமாக வைத்தான். பிறகு, கண் சரியாகத் தெரியாதவன் போல் வகுப்பைக் கண்களை இடுக்கிப் பார்த்தான்.

"அமிலம்னா என்ன மக்களே?"

யாரும் சொல்லவில்லை. அவனே சொன்னான்.

முப்பிடாதி குருவின் காதருகே வந்தாள். "இப்பம் பாருங்க மேடம். முக்கியமான இடம் வருது. முந்தானையை இழுப்பாரு."

"என்னத்த?"

"பாருங்களேன்."

சீடன் கரும்பலகையில் சமன்பாட்டை எழுதினான். அடிக்கோடு போட்டான். திரும்பினான். வலது கையை இடது தோளுக்குக் கொண்டுபோனான். அங்கே இல்லாத முந்தானையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்து, நுனியை இடுப்பில் செருகிக்கொண்டான்.

"இதுதான் மக்களே விஷயம்."

வகுப்பு மொத்தமும் பெஞ்சுக்கு அடியில் எதையோ தேடியது.

குருவுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் தன் கை எங்கே போகும் என்று அவருக்குத் தெரியாது. முப்பிடாதி பார்த்துவிட்டாள். குருவின் தோளைப் பார்த்தாள், முந்தானையை இழுத்துச் செருகும் கையைப் பார்த்தாள், முன்னால் நின்ற சாரைப் பார்த்தாள். மறுபடியும் குருவைப் பார்த்தாள்.

"ஐயையோ," என்றாள் மெல்ல. "நீங்கதான் ஒரிஜினலா மேடம்?"

"முன்னால பாரு."

முப்பிடாதி முன்னால் பார்த்தாள். தன்னை நல்ல பிள்ளையாகக் காட்டிக்கொள்ள உடனே ஏதாவது செய்தாக வேண்டும் என்று தோன்றியது. கையைத் தூக்கினாள்.

"சார், நெல்லிக்காய் தின்னுட்டுத் தண்ணி குடிச்சா இனிக்குதே. ஏன் சார்?"

சீடனின் முகம் மலர்ந்தது.

"நல்ல கேள்வி மக்களே. ரொம்ப நல்ல கேள்வி. நான் சொல்லிட்டா நீ மறந்துருவ. வீட்டுல போய் யோசிச்சுப் பாரு. நீயா கண்டுபிடிச்சாத்தான் மனசுல நிக்கும்."

முப்பிடாதி உட்கார்ந்தாள்.

குரு கேட்டார், "வீட்டுல போய் யோசிப்பியா?"

"எதுக்கு மேடம்?"

"சார் சொன்னாருல்லா."

"நல்ல கேள்வின்னா சாருக்குத் தெரியாதுன்னு அர்த்தம். ரொம்ப நல்ல கேள்வின்னா சுத்தமாத் தெரியாது."

"இது உனக்கு மட்டும் தெரியுமா?"

"கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும் மேடம். கேட்ட அன்னிக்கே தெரிஞ்சிரும்."

குரு தன் பணிக்காலம் மொத்தத்தையும் மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். எத்தனை வகுப்புகள், எத்தனை கடைசி பெஞ்சுகள்.

பெல் அடித்தது.

 

"அறிவிருக்கா டே உனக்கு?"

"எந்த இடத்துல தப்பு மேடம்?"

"நீ கண்ணாடி போட்டிருக்கியா?"

"இல்ல மேடம்."

"சேலை கட்டியிருக்கியா?"

"இல்ல மேடம்."

"பிறகு?"

சீடன் புரியாமல் விழித்தான். பதில் சொல்லுமுன் கை தன்பாட்டுக்குத் தோளுக்குப் போனது. போன கையை அவனே பார்த்தான். கொஞ்ச நேரம் அதை வேறு யாருடைய கையோ போலப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"வேணும்னு செய்யல மேடம்," என்றான். குரல் இறங்கிவிட்டது. "பாடம் நடத்துறதுன்னா இப்படித்தான்னு மனசுல ஏறிட்டு. மத்தவங்க கிளாஸ்ல எல்லாம் தூங்கிட்டேன்."

அதற்குமேல் அவனைத் திட்டக் குருவுக்கு வழியில்லாமல் போயிற்று. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அது கெடக்கு. அந்தப் புள்ளைக்கு ஏன் அப்படிப் பதில் சொன்ன?"

"அது உங்க உத்தி மேடம்."

"என்னோட என்னது?"

"சிந்திக்கத் தூண்டும் உத்தி. பயிற்சியில ஆளுக்கொரு நல்ல உத்தி சொல்லச் சொன்னாங்க. நான் இதைத்தான் சொன்னேன். எல்லாரும் கைதட்டினாங்க."

குரு நாற்காலியில் சாய்ந்தார். மின்விசிறியைப் பார்த்தார்.

"அது எனக்குத் தெரியாதப்பம் சொல்றது டே."



சீடன் கேட்டான், "எல்லாத் தடவையுமா?"

"சில தடவை 'நேரமாயிட்டு'ன்னும் சொல்லியிருக்கேன்."

சீடன் உட்கார்ந்தான். மேடம் சொல்லாமல் அந்த அறையில் அவன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"நான் ஒவ்வொரு தடவையும் வீட்டுல போய் யோசிச்சேனே மேடம்."

குரு மின்விசிறியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எம்.எஸ்சி. படிக்கும்போது உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன். பாலில்லாத கட்டன் சாயாவுல எலுமிச்சை பிழிஞ்சா ஏன் நிறம் வெளுக்குன்னு. நல்ல கேள்வின்னு சொன்னீங்க. நானும் வருசக்கணக்கா யோசிச்சேன். அதுலயிருந்து வந்ததுதானே மேடம் என் ஆராய்ச்சித் தலைப்பே?"

"அந்தத் தலைப்புல நான் கையெழுத்துல்லா போட்டிருக்கேன்," என்றார் குரு, யாரிடமோ முறையிடுகிற மாதிரி.

"வெள்ளிக்கிழமை துறைத்தலைவர் வாராரு மேடம். உங்களை வச்சு நடத்துனா சிரிக்காங்க. உங்களை எடுத்துட்டா என்கிட்ட ஒண்ணுமே இல்ல. நான் என்ன செய்ய?"

குரு எரிச்சலோடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீ கடைசியா நெல்லிக்காய் எப்பம் தின்ன?"

"சின்னப் புள்ளையில."

"போய்த் தின்னு."

 

வெள்ளிக்கிழமை துறைத்தலைவர் வெயிலுமுத்து கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். ஒரு பக்கம் குரு. இன்னொரு பக்கம் முப்பிடாதி.

"ரொம்ப நேரம் இருக்க முடியாது மேடம்," என்றார் துறைத்தலைவர், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. "எனக்கு மீட்டிங் இருக்கு. முதல் சிரிப்பு வந்ததும் எந்திரிச்சிருவேன்."

சீடன் வந்தான். கையில் ஒரு துணிப்பை.

செருமவில்லை. "மக்..." என்று தொடங்கியது வாய். நிறுத்தினான். கை மேலே எழுந்தது, பாதி வழியில் போக இடம் தெரியாமல் நின்றது, கீழே வந்து மேஜையைப் பிடித்துக்கொண்டது.

வகுப்பு காத்திருந்தது. முப்பிடாதிக்கே பாவமாகிவிட்டது.

"முப்பிடாதி," என்றான் கடைசியில். "அன்னைக்கு நீ கேட்டது எனக்குத் தெரியாது."

யாரும் சிரிக்கவில்லை.

"தெரியாதுங்கானே மேடம்," என்றார் துறைத்தலைவர் குருவிடம்.

"கேட்டுச்சு சார்."

சீடன் பையை மேஜைமேல் கவிழ்த்தான். நெல்லிக்காய்கள் உருண்டன. இரண்டு கீழே விழுந்தன.

"நேத்து தின்னு பாத்தேன். தண்ணி குடிச்சேன். இனிச்சுது. இனிப்பு எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியல. ஆளுக்கு ஒண்ணு எடுங்க."

எடுத்தார்கள். கடித்தார்கள். முகங்கள் கோணின. தண்ணீர் பாட்டில்கள் கைமாறின.

"காயில இருந்துதான் சார் வருது," என்றான் ஒருவன்.

"காயைக் கடிக்கும்போது மூஞ்சியைச் சுளிச்சியே லே. அப்பம் இனிச்சுதா?" என்றான் அவன் பக்கத்தில் இருந்தவன்.

"அப்பம் தண்ணியில."

"நம்ம காலேஜ் தண்ணியிலயா?"

"சார், நாக்குலதான் ஏதோ நடக்கு."

"என்ன நடக்கு?" என்றான் சீடன். கேட்டுவிட்டு நிஜமாகவே காத்திருந்தான்.

"தண்ணிக்குப் பதிலா மோர் குடிச்சா இனிக்குமா சார்?"

"நாளைக்குக் கொண்டு வா. பாத்துருவோம்."

"அரைநெல்லிக்கும் இப்படி இனிக்குமா சார்?"

"இனிக்கும்," என்றது கடைசி பெஞ்சு. துறைத்தலைவர்.

"இனிக்காது சார்," என்றான் முன் பெஞ்சுக்காரன். "எங்க வீட்டுல மரமே இருக்கு."

"எனக்கா சொல்லுத? நான் அரைநெல்லி தின்னே வளந்தவன். ஏல, அதுல ஒண்ணை இங்க குடு. அந்தத் தண்ணியையும் குடு."

துறைத்தலைவர் மென்றார். குடித்தார். கண்ணை மூடி, நாக்கைச் சப்புக்கொட்டினார். மீட்டிங் என்றொன்று உலகத்தில் இருப்பதாகவே தெரியவில்லை.

குரு மட்டும் தின்னவில்லை. அவர் நேற்று முழுக்க நூலகத்தில் உட்கார்ந்து தேடிப் படித்துவிட்டு வந்திருந்தார். யார் எங்கே தப்பாகச் சொல்கிறார்கள், யார் கிட்ட வருகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தது. உட்கார முடியவில்லை.

முப்பிடாதி எழுந்து நின்றாள். வாயில் பாதி நெல்லிக்காய்.

"சார், துவர்ப்பு இருக்குல்லா. அது நாக்குல இருக்கும்போது தண்ணி போனா..." நின்றாள். நெற்றியைச் சுருக்கினாள். "இல்ல. இருங்க சார்."

சீடன் இருந்தான். வகுப்பும் இருந்தது.

குரு கையைத் தூக்கினார்.

சீடன் பார்க்கவில்லை. குரு கையை இன்னும் மேலே தூக்கினார். பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"ஆவுடையப்பா, அது வந்து..."

"கையை இறக்குங்க மேடம்," என்றான் சீடன். "அவ யோசிச்சிட்டிருக்கா."